வெள்ளி வள்ளத்தை எங்கே வைப்பது?

இந்த நாட்டில் எந்த நூதனசாலைக்குள்ளும் நான் டிக்கெட் எடுக்காமல் போய்வரலாம். பெரிய மனிதன் என்பதால் அல்ல, சக்கர நாற்காலி தள்ளுகிறவன் என்பதால். இத்தாலியில் நான் பராமரிக்கும் கார்லோ ஐயா ஒரு காலத்தில் சரித்திரம் படிப்பித்தவர். கால் போய்விட்டது, காதும் பாதி போய்விட்டது, பழைய சாமான் பார்க்கிற ஆசை மட்டும் போகவில்லை. வாரத்துக்கு ஒருநாள் எங்கேயாவது தள்ளிக்கொண்டு போயாக வேண்டும். கல்பிட்டிக் கடலில் வலை இழுத்த கை, இப்போது கண்ணாடிப் பெட்டிகளில் முட்டாமல் நாற்காலியைத் திருப்பப் பழகிவிட்டது. ஒருமுறை துணி சுற்றிய எகிப்துப் பிணம் ஒன்றின் கால்விரல் வெளியே தெரிந்தது. எல்லாரும் குனிந்து படம் எடுத்தார்கள், எனக்கோ துணியை இழுத்து மூடிவிட வேண்டும் போலிருந்தது. இன்னொரு ஊரில் மாதா சுரூபங்கள் இருந்த அறை வாசலில் என்னை அறியாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். காவலாளி சப்பாத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரில் இருக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம், நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

ஊரில் இருந்தவரை நான் பார்த்த நூதனசாலை ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கொழும்புக்குப் போனோம். ஆசிரியர் சிம்மாசனத்தைக் காட்டினார், வாளைக் காட்டினார். நாங்களோ திமிங்கில எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, அது எந்தக் கரையில் ஒதுங்கியிருக்கும் என்று சண்டை பிடித்தோம். கண்ணாடிக்குள் இருப்பது செத்துப்போன சாமான், வெளியே நிற்பது நாங்கள் என்பதில் அப்போது எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

குழப்பம் சென்ற மாதம்தான் வந்தது. அதற்கு முன் என் தம்பி ஜூட்டின் கதையைச் சொல்ல வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் கடலில் அவன் வள்ளத்தின் எஞ்சின் நின்று, காற்றோடு போய்விட்டான். நாலு நாள் தகவல் இல்லை. நான் கார்லோ ஐயாவின் குசினியில் அடுப்புக்கு முன் நின்றபடி, எங்கள் ஊர்ப் புனித அன்னம்மாள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன்: தம்பி உயிரோடு வந்தால், வெள்ளியில் ஒரு வள்ளம் செய்து என் கையாலேயே கொண்டுவந்து வைக்கிறேன் என்று. எங்கள் கரையில் அது வழக்கம். கண்ணில் நோயென்றால் வெள்ளிக் கண், காலில் நோயென்றால் வெள்ளிக் கால். நாலாம் நாள் உடப்பு ஊர் வள்ளக்காரர் அவனைக் கண்டு இழுத்து வந்தார்கள். அவர்கள் தங்கள் அம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் அவனை வீட்டுக்கு அனுப்பினார்களாம். கடனை இழுத்தடித்தவன் நான் மட்டும்.

இங்கேயுள்ள ஒரு தட்டாரிடம் வள்ளத்தைச் செய்வித்தேன். அவர் முதலில் பாய்மரம் வைத்தார், நான் எஞ்சின் வைக்கச் சொன்னேன். உள்ளே ஒரு ஆளை இருத்தவா என்று கேட்டார். வேண்டாம், வள்ளம் மட்டும்தான் வழக்கம் என்றேன். அந்த வருடம் என் விசாப் பத்திரம் புதுப்பிக்கப் போயிருந்தது. அடுத்த வருடம் கார்லோ ஐயா விழுந்தார். அதற்கடுத்து என்ன காரணம் சொன்னேன் என்று எனக்கே மறந்துவிட்டது. இங்கே வந்து பதின்மூன்று வருடமாகியும் நான் ஒருமுறையும் ஊர் போகவில்லை. சென்ற மாதம் ஜூட் தொலைபேசியில், "எஞ்சின் திரும்பவும் நடுக்கடல்ல நிண்டுட்டுது அண்ணா. நேந்தத முடிக்காததுதான் எண்டு ஸ்டெல்லா சொல்றா" என்றான். ஸ்டெல்லா அவன் மனைவி. அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு பஸ் தூரத்தில் இருக்கும் துறைமுக ஊர் ஒன்றில் அன்னம்மாள் கோயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதே அன்னம்மாள்தானே, அங்கே வைத்தாலும் கணக்கில் சேராதா? கார்லோ ஐயாவைக் கடல் பார்க்க என்று கிளப்பிக்கொண்டு, வள்ளத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கோயில் பூட்டிக் கிடந்தது. கூரை பழுது, பொருட்கள் எதிரே உள்ள நூதனசாலையில் என்று கதவில் எழுதியிருந்தது. உள்ளே போனோம். பையை நாற்பத்தோராம் இலக்கப் பெட்டிக்குள் பூட்டித் திறப்பைத் தந்தார்கள்.

இரண்டாவது அறையில் ஒரு சுவர் முழுக்க வெள்ளி மின்னியது. கண்கள், கால்கள், துணி சுற்றிய குழந்தைகள். ஒரு வரிசை முழுக்கக் கப்பல்கள். கீழே, "காணிக்கைப் பொருட்கள். கொடுத்தவர் தெரியாது" என்று எழுதியிருந்தது. கொடுத்தவர் தெரியாதா? அன்னம்மாளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குசினியில் நின்று அழுததாயிற்றே. முழங்காலில் நின்றுவிட்டேன். காவல் நின்ற பெண் ஓடி வந்து, மயக்கமா என்று கேட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். செபிக்கிறேன் என்றேன். அவர் தூங்கிக்கொண்டிருந்த கார்லோ ஐயாவைப் பார்த்து, "அவருக்குச் சுகமில்லையா?" என்றார்.

இதை எடுத்து வரும்போது நேர்ந்தவர்களிடம் கேட்டீர்களா என்று விசாரித்தேன். திருட்டுச் சாமான் என்று நான் குற்றம் சாட்டுவதாக எண்ணினாரோ என்னவோ, உள்ளேயிருந்து பொறுப்பாளர் அம்மாவைக் கூட்டிவந்தார். என் அரைகுறை இத்தாலியத்தில், என்னிடமும் ஒரு வள்ளம் இருக்கிறது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்றேன். கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. பழையதா என்று கேட்டார். மூன்று வருடம் என்றேன். முகம் வாடி, பிறகு இன்னும் அதிகமாக மலர்ந்தது. குடியேறிகளின் பக்திக்கு ஒரு அலுமாரி ஒதுக்க நினைத்திருக்கிறார்களாம். தம்பி பிழைத்தாரா என்று கேட்டார், ஓம் என்றேன்.

"அப்போ கதை முடிந்துவிட்டதே. இங்கேயே வையுங்கள்" என்றார்.

முடியவில்லை, இன்னும் வைக்கவில்லையே என்றேன். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்று ஒரு படிவத்தைத் தந்தார். நல்ல மனுசி, ஒரு குறையும் சொல்ல முடியாது. பொருள்: வள்ளம். செய்தது: வெள்ளி. கிடைத்த இடம்? செய்தது இங்கே, மிதக்க வேண்டியது அங்கே. கொடுப்பவர்? நேர்ந்தவன் நானா, பிழைத்தவன் அவனா? பெறுபவர் என்ற இடத்தில் நூதனசாலையின் பெயர் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. அன்னம்மாளுக்கென்று நேர்ந்ததை நான் யாருக்குக் கொடுக்கப்போகிறேன்? படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் போய்த் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பொழுது பட்டிருந்தது.

"வச்சாச்சா அண்ணா?"

ஓம் என்று சொல்ல வாய்வரை வந்தது. "இல்லடா ஜூட். இங்க கோயில் பூட்டு. சாமானெல்லாம் நூதனசாலையில கிடக்கு. எனக்கு ஒண்டும் விளங்குதில்ல."

"அத அங்க வைக்காதீங்க" என்றான்.

"எஞ்சின் திரும்ப நிண்டா?"

"எஞ்சின் பழுது பாத்தாச்சு. அண்ணா, ஏசக்கூடாது. நீங்க அங்க போன புதுசில பேப்பர் இல்லாம ஒளிச்சுத் திரிஞ்ச நேரம் நானும் ஒரு நேத்தி வச்சன். நீங்க வீடு வந்து சேந்தா ஒரு வெள்ளி ஆளுருவம் வைக்கிறதெண்டு. அப்பவே சிலாபத்தில செஞ்சு அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறன். கறுத்துப் போகுதெண்டு வருசா வருசம் திருநாளுக்கு ஸ்டெல்லா துடைக்கிறா. நீங்க வராம அத நான் எப்பிடி வைக்க ஏலும்?"

அழுகை வந்தது, வெட்கமும் வந்தது. கடலில் காணாமல் போனவன் அவன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

கார்லோ ஐயா விழித்து, இன்றைக்கு என்ன பார்த்தோம் என்று கேட்டார். வள்ளங்கள் என்று அவர் காதோடு சொன்னேன். நாற்பத்தோராம் பெட்டியைத் திறந்து பையை எடுத்தேன். கைக்குட்டையை அவிழ்த்து வள்ளத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தட்டார் கேட்டது சரிதான், உள்ளே ஆள் இல்லை. அந்த ஆள் கல்பிட்டியில், என் தம்பியின் அலுமாரிக்குள் கிடக்கிறான்.