மூன்று வாரம் படுத்திய ஸ்பீக்கர்

எங்கள் வீட்டு ஹாலில் அண்ணன் குடும்பமும் நாங்களுமாக ஏழு பேர் டிவி பார்ப்போம். எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கட்டும் என்று கோட்டாறில் ஒரு கடையில் ஹோம் தியேட்டர் வாங்கினேன். காலையில் மெக்கானிக் வந்து, டிவிக்கு இரண்டு பக்கமும் தரையில் ஸ்பீக்கரை வைத்துப் பாட விட்டார். அருமையாக இருந்தது.

அன்று மாலை செய்தி போட்டால், கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடியது. மறுநாளே கடைக்குப் போய்க் கத்தினேன். ஸ்பீக்கரை மாற்றித் தந்தார்கள். மாலையில் அதே கதை. மறுபடி போய்ச் சண்டை போட்டேன். "இங்க நல்லாத்தானே பாடுது?" என்றார் கடைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது வாரம் மெக்கானிக் வந்தபோது மணி ஏழரை. அப்போதுதான் குடும்ப ஜெபம் முடிந்திருந்தது. ஜெபத்துக்காக நாற்காலிகளை டிவி பக்கம் ஒதுக்கிப் பாய் விரிப்பது தினமும் என் வேலை. பிறகு அந்தப் பாயிலேயே உட்கார்ந்து டிவி பார்ப்போம்.

மெக்கானிக் நாற்காலிகளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "அண்ணே, ரெண்டு ஸ்பீக்கருக்கும் முன்னால கசேரைய அடுக்கி வச்சிக்கிட்டா எங்கள ஏசுனிய?"

"அங்க வைக்காண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னேன். இவிய காதுல விழுந்தாத்தானே!" என்றாள் என் மனைவி.

இப்போது நாற்காலிகளை வராந்தாவில் போடுகிறேன். எதையும் குறை சொல்லுமுன், நாங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்கிறேன். என்மேல் எனக்குள்ள எரிச்சல் மட்டும் தீரவில்லை. மூன்று வாரமும் அதே நாற்காலிகளுக்கு முன்னால் முழங்காலிட்டுத்தான், "ஆண்டவரே, எனக்குப் பொறுமையைத் தாரும்" என்று ஜெபித்திருக்கிறேன்.