எட்டாவது கிழங்கு

உதேனா நகரத்தின் பக்கத்துக் கிராமத்தில் முப்பது வருடம் தபால் கொடுத்தவள் டெக்லே. யார் தோட்டத்தில் எது துளிர்த்தது, எது பனியில் கருகியது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லா வீட்டிலும் கடிதத்தைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவாள். அப்போலோனியா வீட்டில் மட்டும் நின்று பார்ப்பாள், பார்த்து வயிறெரிவாள்.

காரணம், பியோனி. ஒருமுறை நட்டால் ஐம்பது வருடம் பூக்கும் அந்தச் செடி லிதுவேனியாவில் இல்லாத வீடு குறைவு. ஆனாலும் அப்போலோனியா வீட்டுப் பூவின் வெளிறிய ரோஜா நிறமும் வாசனையும் வேறு எங்கும் கிடையாது. ஜூன் மாத நற்கருணைப் பவனியில் சிறுமிகள் தூவும் இதழ்கள் வருடா வருடம் அங்கிருந்துதான் போகும். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்தே பாராட்டெல்லாம் அவளுக்குத்தான். ஒரே ஒரு வருடமாவது தன் வீட்டு இதழ் அந்தக் கூடையில் விழ வேண்டும் என்பது டெக்லேயின் ஆசை. கேட்டால் அப்போலோனியா ஒரு கிழங்கு கொடுத்திருப்பாள். ஆனால், போயும் போயும் அவளிடமா கேட்பது?

ஒரு செப்டம்பரில் அப்போலோனியா தன் பழைய செடியைத் தோண்டி, கிழங்கைத் துண்டு போட்டு, ஆப்பிள் மரத்தடியில் பரப்பியிருந்தாள். அடுப்பில் ஜாம் அடிபிடிக்கிற வாசனை வர, உள்ளே ஓடினாள். அதற்குள் ஒரு துண்டு தபால் பைக்குள் போய்விட்டது. திருடி நட்ட செடிதான் நன்றாகப் பிடிக்கும் என்று ஊரே சொல்கிறதே என்று டெக்லே மனதைத் தேற்றிக்கொண்டாள். திருடியவளுக்குத்தான் திருட்டுப் பயம் அதிகம். யாரும் தோண்டிவிடக் கூடாது, பனியும் தொடக் கூடாது என்று விறகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே மிதித்தும் விட்டாள்.

மூன்று வருடம் பொறுத்தாள். சாம்பல் போட்டாள், மக்கிய சாணம் போட்டாள். ஆறாவது வருடமும் இலைதான் செழித்தது, ஒரு மொட்டு கூட இல்லை. அந்தப் பாவி ஏதோ சபித்துவிட்டாள் என்றே டெக்லே நம்பினாள். கடைசியில் பொறுக்க முடியாமல் அவளிடமே போய், சித்தி மகள் வீட்டுப் பியோனி பூக்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டாள்.

அப்போலோனியா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"சித்தி மக வீட்டுதா, உன் கொட்டகைக்குப் பின்னாடி இருக்கறதா?"

டெக்லே குனிந்து, கீழே சிதறிய பட்டாணியைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"ஆழமா நட்டிருப்ப. முளைக்கண்ணுக்கு மேல ரெண்டு விரக்கடை மண்ணுதான் இருக்கணும். செப்டம்பர்ல எடுத்து மாத்தி வை." கையிலிருந்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தொடர்ந்தாள். "அன்னிக்கு எட்டுத் துண்டு போட்டேன்டி. எட்டாவது உனக்குன்னுதான் வெச்சிருந்தேன். கேட்டு வாங்கியிருந்தா அப்பவே ஆழத்தையும் சொல்லியிருப்பேன்."

செடி கொடுத்தவருக்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் செடி பட்டுப்போகும் என்பது ஊர் வழக்கம். அந்த வழக்கம் டெக்லேக்கு அன்றுபோல் என்றும் உதவியதில்லை. எழுந்து வந்துவிட்டாள். சொன்னபடியே செப்டம்பரில் மாற்றி நட்டாள்.

அடுத்ததற்கு அடுத்த ஜூனில் மூன்று பூக்கள் பூத்தன. ஏப்ரனில் ஏந்திக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக் கோயில் வாசலுக்குப் போனாள். கூடை வைத்திருந்த பெண் ஒன்றை முகர்ந்து பார்த்து, வாசனையே சொல்கிறதே, அப்போலோனியா வீட்டுப் பூதானே என்றாள். டெக்லே பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அப்போலோனியாவின் குரல் வந்தது.

"இல்ல, இது டெக்லே வீட்டுப் பூ. அவளே நட்டு வளர்த்தது."

இதழ்கள் கூடையில் விழுந்தன. டெக்லே அதைப் பார்க்கவே இல்லை. கிழங்கையும் அவள்தான் கொடுத்தாள், ஆழத்தையும் அவள்தான் சொன்னாள். இப்போது இந்தப் பேரையும் அவள்தான் கொடுக்க வேண்டியிருந்தது. டெக்லேயின் வயிறு முன்பைவிட அதிகமாக எரிந்தது.