ஷெட்டுக்குள் ஓடிய கார்

ஜேசுதாஸின் காரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த எஞ்சினைக் கண்டுபிடித்தவன் மேலா, குப்பியில் பெட்ரோல் விற்றவன் மேலா, இல்லை ஆண்டவர் மேலேயேதானா? ஜேசுதாஸ் மேலும் அவன் மனைவி ஜெபகுமாரி மேலும் கோபப்பட வழியே இல்லை. அவர்களைப்போல ஒரு வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர்கள் தேங்காய்ப்பட்டணம் வட்டாரத்தில் கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். நான் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஜேசுதாஸ் மீசை அரும்பின வயதில் சவுதிக்குப் போனான். தலை நரைத்தும் அங்கேயே கிடந்தான். பெரிய கட்டடங்களுக்கு ஏசி குழாய் மாட்டுகிற வேலை. தகரக் குழாயை அண்ணாந்து தாங்கித் தாங்கி வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போயிற்று. லீவில் வந்தால் சட்டை மாட்ட ஜெபகுமாரி கூட நிற்க வேண்டும். அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. ஊரோடு இருந்துவிட வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவர்களைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டு விடுவது, வருகிறவர்களை ஏற்றி வருவது. எங்கள் பக்கத்தில் அந்த ஓட்டத்துக்குப் பஞ்சமில்லை. அதற்காகத்தான் ஒரு லீவில் வந்து அந்தக் காரை வாங்கினான்.

சாதாரண வண்டியாக வாங்கித் தொலைத்திருக்கலாம். துரை அதைச் செய்வாரா? பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிற புது வகை எஞ்சின் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். "சின்ன எஞ்சின்தான் அண்ணா, ஆனா ஆக்ஸிலேட்டர சவுட்டினா பறக்கும்" என்றான். லீவு முடியும்வரை பறந்தான். அப்புறம் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு சவுதிக்குப் போனான். அடுத்த வருஷம் வந்துவிடுவேன் என்றான். மகன் படிப்பு, தங்கை வீட்டுக் கல்யாணம் என்று அந்த அடுத்த வருஷம் தள்ளிக்கொண்டே போயிற்று.

எங்கள் ஊரில் பாதி கார்களுக்கு இதே கதிதான். ஆள் அங்கே, வண்டி இங்கே உறைக்குள். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே ஓடவிடுவார்கள். ஜெபகுமாரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவி திருப்பத் தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சேலைகூட மாற்றாமல் ஷெட்டுக்குப் போவாள். சவுதியில் ஞாயிறு வேலை நாள். டீ குடிக்க விடும் நேரத்தில் அவன் வீடியோ காலில் வருவான். அவள் பானெட்டைத் தூக்கிவிட்டு போனை எஞ்சின் பக்கத்தில் பிடிப்பாள்.

"கேக்குதா?"

"கேக்குது. லேசா ஆக்ஸிலேட்டர சவுட்டு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பானாம். அப்புறம் வண்டி பாட்டுக்கு ஓடும், இவர்கள் பேசுவார்கள். என்ன மீன் கிடைத்தது, கோயில் அசன விருந்துக்கு யார் யார் வந்தார்கள், அவனுக்குக் கை எப்படி இருக்கிறது. புகை மதில் தாண்டி என் அடுக்களைக்கு வரும். "ஏ பிள்ளே, அணை. மனுசன் சோறு தின்னண்டாமா?" என்று நான் கத்துவேன். "இந்தா அண்ணா, ஆச்சு" என்பாள். ஆகாது.

பெட்ரோல் பங்கில் கேனில் ஊற்றித் தர மாட்டோம் என்றதால், துறைமுகத்துப் பக்கம் மீன்பிடி வள்ளக்காரர்களுக்கென்று குப்பியில் விற்கும் கடையில் வாங்கி ஊற்றுவாள். டேங்க் நிறைந்திருந்தால்தான் உள்ளே துரு ஏறாது என்று அவன் சொல்லியிருந்தான். இதிலெல்லாம் எனக்கும் குற்றம் தெரியவில்லை. டெப்போவில் விடிகாலையில் பஸ்களை உறுமவிட்டுப் பழகியவன்தானே நானும்.

கடைசியில் அவன் விசாவை ரத்து செய்துவிட்டே வந்து சேர்ந்தான். வண்டிக்கு மஞ்சள் போர்டு மாட்டினான். போதகர் வந்து ஜெபம் செய்தார். முதல் சவாரி, எங்கள் தெருவில் குவைத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் ஷைஜா. லீவு முடிந்து திரும்பிப் போகிறாள். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். புதுக்கடை தாண்டும்போதே வண்டி குளிர்காய்ச்சல்காரன்போல நடுங்கியது. "கொஞ்சம் ஓடினா சரியாவும்" என்றான். பாறசாலையில் டேஷ்போர்டில் எஞ்சின் கோளாறு என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. நெய்யாற்றின்கரை ஏற்றத்தில் ஒரேயடியாக நின்றது. அவன் சாவியைத் திருப்பத் திருப்ப அது இருமியது. வேறு வண்டி பிடித்துப் போவதற்குள் ஷைஜாவின் விமானம் போய்விட்டது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இந்தத் தொழிலில் ஒரு விமானம் விட்டால் போதும். "பிளேன விட்ட வண்டி" என்று பேர் விழுந்துவிட்டது. அதன்பிறகு ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை.

வண்டியைக் கட்டியிழுத்து மார்த்தாண்டத்தில் பத்மகுமாரின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஜெபகுமாரியும் வந்தாள். பத்மகுமார் ஒரு சின்னக் கேமராக் குழாயை எஞ்சினுக்குள் விட்டுத் திரையில் காட்டினார். காற்று உள்ளே போகிற வால்வு என்றார். எனக்கு வால்வே தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்து கரிந்ததுபோல மொத்தமாகக் கருங்கட்டி.

"வண்டிய அதிகம் எடுக்கிறதில்லையோ?" என்று கேட்டார்.

ஜெபகுமாரி முந்திக்கொண்டாள். "ஓட்டுறதுக்கு ஆளில்ல. ஆனா ஸ்டார்ட் பண்ணாம விட்டதில்ல. எங்க அம்மைய அடக்கம் பண்ணுன ஞாயிறுகூட வந்து போட்டேன்."

அவள் முகத்தில் அப்போது ஒரு பெருமை இருந்தது.

"அதான் அக்கா வினையாச்சு" என்றார் பத்மகுமார். நல்ல மனிதர்தான், எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. "பழைய எஞ்சின்ல பெட்ரோல் இந்த வால்வு வழியா போவும். போற போக்குல வால்வ கழுவிட்டுப் போவும். இதுல பெட்ரோல் நேரா உள்ள போயிரும், வால்வ கழுவ ஒண்ணுமில்ல. ரோட்டுல நல்லா சூடாகி ஓடினாலே கொஞ்சம் படியும். நின்ன இடத்துல, சூடாகுமுன்ன அணைச்சு அணைச்சுப் போட்டா ஆயில் புகை எல்லாம் இதுல அப்பிக் கரியாயிரும். பெட்ரோல் எங்க வாங்குனிய?"

அவள் சொன்னாள். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"அது வள்ளத்து எஞ்சினுக்கு ஆயில் கலந்து வச்சிருக்கது. அதையும் மாசக்கணக்கா டேங்க்ல கெடக்க விட்டாச்சு. இன்ஜெக்டர் எல்லாம் அடைச்சு, ஒரு பிஸ்டனும் போச்சு."

"சுரண்டி எடுத்து சரியாக்க முடியாதா?" என்று ஜேசுதாஸ் கேட்டான்.

"கரிய எடுக்கலாம். மத்ததுக்கு ஆகிற ரூவாக்கு வேற வண்டியே எடுக்கலாம். கழுவி மறுபடி பூட்டித் தாறேன். நின்ன இடத்துல ஓடும். ஆள ஏத்திட்டுப் போவாது."

ஜெபகுமாரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அப்ப நானா கெடுத்தேன்?" என்று அவனிடம் கேட்டாள். அவன் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் சொன்னதத்தானே நீ செய்தே" என்று அவன் சொன்னபோது அவள் வெளியே போயிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவன் பின்னால் நின்றான். இடம் காலியாகத்தான் கிடந்தது.

இங்கே வேலை தேடாமல் இல்லை. கை தூக்க முடியாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சவுதியில் பழைய கம்பெனியிலேயே கெஞ்சிக் கேட்டு, அவன் வேலை கற்றுக்கொடுத்த பையன்களுக்குக் கீழே கையாளாகச் சேர்ந்துகொண்டான். விமான நிலையத்துக்கு வேறு யாருடைய காரிலோதான் போனான். கிளம்புகிற அன்றும் ஜெபகுமாரிதான் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டாள். வண்டி மறுபடி ஷெட்டில், மறுபடி உறைக்குள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவள் ஷெட்டுப் பக்கமே திரும்பவில்லை. முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. கையில் மீன் நாற்றம் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணலியா?"

"எதுக்கு? அதுதான் வண்டியக் கொன்னுது எண்ணு சொன்னாவ இல்லியா."

"இனி சாவதுக்கு அதுல என்ன பிள்ளே இருக்கு. போய் ஸ்டார்ட் பண்ணு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு இஞ்ச ஞாயிறு எண்ணு தோணும்."

மீன் அரிகிற சத்தம் நின்றது. பிறகு கை கழுவுகிற சத்தம். உறையை இழுக்கிற சத்தம். எஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரம் கிடுகிடுவென்று ஆடியது.

"கேக்குதா?" என்றாள்.

புகை என் அடுக்களைக்குள் வந்தது. அணை என்று கத்த வாயெடுத்தேன். பிறகு போய் ஜன்னலைச் சாத்தினேன்.