அழகுமலையும் முப்பது நாள் தகடும்

நான்கு ஓரமும் கறுப்பு மை தடவிய அந்தத் தபால் கார்டு என் கைக்கு வந்தபோது அழகுமலையை அடக்கம் செய்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அவர் ஊரான கொட்டாம்பட்டிக்கும் நான் இருக்கும் திருநகருக்கும் நடுவில் இருப்பது இரண்டு பஸ் தூரம். காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அதைக் கடக்க ஒரு கார்டுக்கு ஐந்து நாள் வேண்டியிருந்திருக்கிறது. மஞ்சள் காமாலை என்று அவர் மனைவி பாண்டியம்மாள் இரண்டே வரியில் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தபால் இலாகாவின் மேல் கொஞ்சம், நாற்பத்து நான்கு வயதில் காமாலையைக் கவனிக்காமல் விட்ட அந்த மனிதர் மேல் மிச்சம்.

எங்கள் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவர் வேதியியல் துறை, நான் இயற்பியல் துறை. உங்களில் பலருக்கு அவர் ‘புளி சார்’. அந்தப் பெயரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு நாள் அவர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து மைக்ரோ அம்மீட்டர் ஒன்றைக் கடன் கேட்டார். வேதியியல்காரர்களுக்கு நான் எதையும் கொடுப்பதில்லை. கொடுத்தால் அமிலக் கறையோடுதான் திரும்பி வரும். அதை அவரிடமே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்பன்னா நீங்களே கொண்டாந்து மாட்டிப் பாருங்க மேடம். நான் அதத் தொடவே மாட்டேன்” என்றார்.

மீட்டரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஒரு கண்ணாடி ஜாடியில் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர். அதற்குள் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு இரும்புத் தகடு, செக்கச்செவேலென்று. எதிரே ஒரு பிளாட்டினக் கம்பி, துணைக்கு ஒரு சின்ன பாட்டரி. ஜாடியின் மேல் போட்டிருந்த கறுப்புத் துணியை எடுத்தார். வெயில் தகட்டில் விழுந்தது, மீட்டர் முள் எழுந்தது. துணியைப் போட்டார், முள் படுத்துக்கொண்டது. “வெயிலு தண்ணியப் பிரிக்குது மேடம். நமக்குத்தேன் அது அம்புட்டுக் கெடக்கே!” என்றார். நானே துணியைப் பிடுங்கி, பத்துத் தடவை போட்டும் எடுத்தும் பார்த்தேன். அன்றிலிருந்து நான் அவருக்கு அக்கா.

தகட்டின் மேலிருந்த சிவப்பு, இரும்பு ஆக்சைடு. சுருக்கமாகச் சொன்னால் துரு. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த அந்த நாளில், துருவையும் வெயிலையும் வைத்துத் தண்ணீரிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஒரே ஒரு கோளாறு. தகடு நிலைக்காது. சில நாளில் சிவப்புப் படலம் உரியும், தண்ணீர் கடுங்காப்பி நிறமாகும், முள் எழுந்திருக்காது. பகுதிநேரமாக அவர் ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். ‘கரண்ட் குறையாமல் தகடு முப்பது நாள் வெயிலில் நிற்க வேண்டும், நின்றால் ஆய்வேட்டைக் கொண்டுவா’ என்று அவருடைய வழிகாட்டி சொல்லிவிட்டார். அந்த முப்பது நாள்தான் அவருக்கு வாழ்க்கையாகிப் போனது.

முதல் தகடு நான்கு நாளில் உரிந்தது. அடுத்ததைக் காக்காய் தட்டிவிட்டது. அதற்கடுத்த பல தகடுகளை மின்வெட்டு தின்றது. சிவப்புப் படலம் பிடிக்க மின்சூளையில் வைத்த தகடு மெல்ல மெல்ல ஆற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் ஒரேயடியாக ஆறி, படலம் முழுக்க விரிசல் விழும். பதினெட்டாம் நாள் வரை நன்றாக இருந்த ஒரு தகடு பத்தொன்பதாம் நாள் என் கண்ணெதிரே தோலுரிந்தபோது, “தூக்கிப் போடுங்க தம்பி, வேற ஏதாவது செய்வோம்” என்று கத்திவிட்டேன். அவர் ஜாடியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “மொத நாள் நல்லா இருந்தா அது அதிஷ்டம்க்கா. முப்பதாம் நாளும் நல்லா இருந்தாத்தேன் அது கெமிஸ்ட்ரி.”

தகட்டைப் பிடித்திருந்தது ஒரு பித்தளைக் கிளிப். காஸ்டிக் ஆவி பட்டு அது பச்சை பூக்கும், பூத்தால் முள் தள்ளாடும். எனக்கு அளவு தள்ளாடினால் பிடிக்காது. “கிளிப் பளபளன்னு இருந்தாத்தான் மீட்டர் மாடிக்கு வரும்” என்று கறாராகச் சொன்னேன். மறு திங்கட்கிழமை அவர் ஊரிலிருந்து கொஞ்சம் புளி கொண்டுவந்து, கிளிப்பைத் தங்கம் போல விளக்கி என் முன் நீட்டினார். பித்தளை என்றால் புளி. எங்கள் வீட்டுக் குத்துவிளக்குக்கும் வெள்ளிக்கிழமை அதுதான். “இதுதான் சுத்தம்” என்று பாராட்டினேன். அதன்பின் ஒரு திங்கட்கிழமைகூட அவர் தவறவிட்டதில்லை.

ஆச்சரியமாக, திங்கட்கிழமைகளில் கரண்ட் ஏற ஆரம்பித்தது. சனிக்கிழமை சோர்ந்து போகும் தகடு திங்கள் காலை துள்ளி எழுந்தது. “தகடும் ஞாயித்துக்கெழம லீவு கேக்குதுக்கா” என்று சிரித்தார். ஓய்வு கொடுத்தால் படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது என்று முடிவு கட்டினோம். முப்பதாம் நாளும் வந்தது. முள் நின்றது. நாங்கள் இருவரும் தெருமுனை வண்டியில் ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் குடித்தோம். ஓய்வைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதி, ஆய்வேட்டைத் தட்டச்சுக்கும் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் மகளுக்குக் காதுகுத்து. அவர் வராததால் அளவை நானே எடுத்தேன். கிளிப் பளிச்சென்றுதான் இருந்தது, விளக்கத் தேவைப்படவில்லை. முள் ஏறவில்லை. மறுநாள் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“கிளிப்ப வெளக்குனீங்களாக்கா?”

“இல்லையே.”

பையிலிருந்த புளியைக் கிள்ளி ஜாடிக்குள் போட்டுக் கலக்கினார். துணியை எடுத்தார். முள் விருட்டென்று கடைசிக் கோடு வரை போனது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கிளிப்பின் திருகு இடுக்கில் ஒட்டிக்கொண்ட புளி, வாரந்தோறும் தகட்டின் வழியே ஜாடிக்குள் வழிந்திருக்கிறது. வெயில் பிரித்தது தண்ணீரை அல்ல, புளியை. அதைப் பிரிப்பது வெயிலுக்குச் சுலபம், அதனால்தான் கரண்ட் அவ்வளவு ஏறியிருக்கிறது. போதாக்குறைக்கு அந்தப் புளியே படலத்தையும் அரித்துக்கொண்டிருந்தது. அந்தத் தகடு அடுத்த நான்கு நாளில் வெறும் இரும்பானது.

நான் அவரிடம் சொன்னதை இங்கே மறைக்கப் போவதில்லை. “யாருக்கும் தெரியாது. ஏட்டைக் கொடுத்துட்டுப் பட்டத்த வாங்குங்க. அப்புறம் நிதானமாத் திரும்பச் செய்வோம்” என்றேன். பதிவுக் காலம் முடிய மூன்று மாதம்தான் இருந்தது.

“புளியக் கரைச்சுக் கரண்ட்டு எடுக்க எனக்கு எதுக்குக்கா டாக்டர் பட்டம்? எங்க வீட்ல ரசமே வப்பாகளே” என்றார். அப்போதும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்று திட்டினேன். ஒரு மாதம் பேசவில்லை.

அவர் ஆய்வேட்டைத் தட்டச்சிலிருந்து திரும்பப் பெற்றார். ஆசிரியர் அறையில் நடந்ததை ஒளிக்காமல் எல்லோரிடமும் சொன்னார். அதற்குக் கிடைத்த பரிசு ‘புளி சார்’ என்ற பெயர். யாரோ அவர் மேசையில் ஒரு புளிப் பொட்டலத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். விளக்கச் சொன்னது நான்தான் என்று அப்போது என் வாயிலிருந்து வரவில்லை. பட்டம் இல்லாததால் பதவி உயர்வு அவரைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. அவர் எஃகுக் கிளிப் போட்டு, புதுப் படலம் செய்து, அந்த முப்பது நாளைத் துரத்திக்கொண்டே இருந்தார். கடைசித் தகடு இருபத்தாறு நாள் தாங்கியது. இன்னும் நாலே நாள் என்று அவர் சொன்னது போன கோடையில்.

கார்டு வந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பாண்டியம்மாள் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து, “ஒங்கள்ட்டத்தேன் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு” என்றார். அதில் வழிகாட்டிக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘கிளிப்பைப் புளியால் துலக்கியது முழுக்க என் பழக்கம். அப்படிச் செய்யும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. இயற்பியல் துறையின் அளவீடுகளில் எந்தப் பிழையும் இல்லை.’

யாரும் சொல்லவில்லையாம். ஒரு புளிக் கரைசலைத் தண்ணீர் என்று எழுத மறுத்த மனிதர், தன் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய்யை எனக்காக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதற்காகவாவது அவரோடு சண்டை போட வேண்டும். ஆள் இல்லை.

அந்தப் பித்தளைக் கிளிப்பைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது என் மேசையில் பச்சை பூத்துக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் விளக்க எடுத்த என் மருமகளிடமிருந்து பிடுங்கி வைத்தேன். என் வீட்டில் அதன் மேல் இனிப் புளி படாது. இனி நீங்கள் அவரை அந்தப் பெயரால் நினைப்பதாக இருந்தால், அதில் பாதியை எனக்குக் கொடுத்துவிடுங்கள். விளக்கச் சொன்னவள் நான்.