விரல் ஓடுகிற சத்தம்

சன்னலோரத்து இருக்கைக்காக எங்களுக்குள் தினமும் ஒரு மௌனச் சண்டை நடக்கும். மலைக்கோட்டைப் பாறையைத் தாண்டி வெயில் மேலேறி, அந்தச் சன்னல் வழியே சாய்ந்து விழும்போது, மேசைமேல் கிடக்கும் தடித்த வெள்ளைத் தாளில் புள்ளிகள் எழுந்து நிற்கும். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் எள்ளளவு நிழல். அந்த நிழல்தான் எங்களுக்கு எழுத்து.

விரலால் படிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் நாங்கள். கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆசிரியர்களைத் தயார்செய்யும் வகுப்பு அது. திண்டுக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியோடு ஒட்டிக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. ஊர்ப்பள்ளிகளில் இருந்து சிலர் வந்திருந்தார்கள். நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலை கிடைக்காமல், மாதா கோயில் சாமியார் சொன்னாரென்று வந்தவள். பிரெயில் தாளைக் கையில் கொடுத்ததும் எல்லாரும் செய்த முதல் காரியம் ஒன்றுதான்: அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தோம். விரலை ஒப்புக்குத் தாளின்மேல் ஊர விட்டு, கண்ணால் நிழலைக் கூட்டி எழுத்தைச் சொன்னோம். இதை யாரும் யாருக்கும் கற்றுத்தரவில்லை. பசித்தவன் கை தட்டுக்குப் போகிற மாதிரி, கண் தானாக அங்கே போயிற்று.

எங்களுக்குப் பிரெயில் சொல்லித்தந்த சாருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அப்படித்தான் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

கருப்புத் துணியால் கண்ணைக் கட்டி எங்களைத் தாழ்வாரத்தில் நடக்கவிடுவார். நான் துணியை நைசாக நெற்றிக்கு ஏற்றிவிடுவேன். உடனே, "துணிய எறக்குங்கம்மா" என்பார், தூரத்திலிருந்து. எப்படித் தெரிந்தது? ஒருநாள் மதியம் அவர் தனியாக உட்கார்ந்திருந்தபோது ஓசைப்படாமல் போய் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன்.

"நல்லா வீசுங்க டீச்சர். வெக்கையாத்தான் இருக்கு."

எனக்குக் கழுத்துவரை வியர்த்தது. பக்கத்துக் கட்டில்காரி, ஒட்டன்சத்திரத்துப் பக்கத்தவள், அன்று சாப்பாட்டு வரிசையில் என் காதைக் கடித்தாள்: "ஏனுங்க, அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க. எங்கூர்ச் சந்தையில மாட்டுத் தரகன் இப்படித்தானுங்க, பாக்காத மாதிரியே பல்லைப் பாத்துருவான்."

அந்தக் கட்டடத்தில் சந்தேகம் எல்லாருக்கும் பொதுக் கிணறு. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம், வற்றாது. தோல் பதனிடும் ஷெட்டின் வாடை காற்றில் வரும்போது, சமையல்காரம்மா பழைய கறியைப் போட்டுவிட்டாள் என்று ஒரு சந்தேகம். குழாயில் தண்ணீர் நின்றால், விடுதி வார்டனம்மா பூட்டிவிட்டாள் என்று ஒரு சந்தேகம். வார்டனம்மாவுக்கோ அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது: கண் தெரிகிற பிள்ளைகளை ஊரில் இருந்து கொண்டுவந்து குருடென்று சொல்லிச் சேர்த்துவிடுகிறார்கள். "வெறும் சோத்துக்காக. நான் பாக்காத வேசமா?" விடுதியின் விதி, முழுக்கப் பார்வை இல்லாத பிள்ளைக்கு மட்டும்தான் இடம். கொஞ்சம் தெரிந்தாலும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் சந்தேகம் ஒருநாள் சேவுகம்பட்டியில் இருந்து வந்த ஒரு சிறுமியின் தலையில் இறங்கியது.

பத்துப் பதினோரு வயது இருக்கும். அப்பாவுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம். பிள்ளையைப் பார்க்க வந்தபோது ஈரத்துணியில் சுற்றி மொட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். அவர் போன கையோடு, அவள் அத்தனையையும் நாரில் கட்டி முடித்துவிட்டாள், நெருக்கமாக, ஒரு காம்பு பிசகாமல். வார்டனம்மா சரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணு தெரியாதவ கட்டுன கட்டா இது?"

"அந்தப் பக்கத்துப் பொம்பளைக பூவைப் பாத்தா கட்டுறாங்க? ரோட்டப் பாத்துக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரியத் திட்டிக்கிட்டு, கை பாட்டுக்குக் கட்டும்" என்றேன்.

"நீங்க என்ன அவளுக்கு வக்கீலா டீச்சர்?"

வக்கீல்தான். ஆனால் கட்சிக்காரி பொய் சொல்கிறாள் என்று தெரிந்த வக்கீல். பூ ஒரு சாட்சியே இல்லை. என்னிடம் வேறு சாட்சி இருந்தது. பிள்ளைகளின் வகுப்பிலும் ஒரு சன்னல் உண்டு. அவள் எப்போதும் அங்கேதான் உட்காருவாள். தாளில் மூக்கு உரசும்படி குனிந்து, தலையை ஒருக்களித்து, கோழி தானியத்தைப் பார்க்கிற பார்வை. வெயில் நகர்ந்தால் அவளும் பெஞ்சில் ஒரு சாண் நகர்வாள். வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது, ஏனென்றால் நானும் அப்படித்தான் நகர்ந்துகொண்டிருந்தேன். அவள் நிழலைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் தூரத்துக்கு அவளுக்குக் கண் தெரிந்தது.

வார்டனம்மா ஒரு சோதனை வைத்தாள். வருகிற வாரம் அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் படிக்கவேண்டும், கைகளின்மேல் துணி மூடியிருக்க. விரலால் படிக்கிறவளுக்குத் துணி ஒரு தடையா? கண்ணால் படிக்கிறவள் அகப்பட்டுக்கொள்வாள். அதுவரை நான் அவளோடு இருந்து பார்த்துச் சொல்லவேண்டும்.

சாயங்காலம் வேப்பமரத்தடியில் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேவு பாக்க விட்டாகளா டீச்சர்?"

"படிக்கச் சொல்லித்தர."

"ஒங்களுக்கே படிக்கத் தெரியாதாமுல்ல. வெயிலுக்கு வெயிலு நாக்காலிய இழுக்குறீகளாம். பிள்ளைக சத்தம் கேட்டுப் பேசிக்கிறாக."

எனக்குச் சுருக்கென்றது. "ஒனக்குக் கொஞ்சம் தெரியுதுதானே? எங்கிட்டச் சொல்லு. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

மண்ணில் கிடந்த வேப்பங்காயை விரலால் உருட்டினாள்.

"எங்க ஊரு வாத்தியாரு, போர்டு தெரியாத குருட்டுப் பிள்ளைக்கு இங்க என்ன வேலைன்னு வெரட்டிட்டாரு. இங்கன வந்தா, கண்ணு தெரியுற பிள்ளைக்கு இங்க என்ன வேலைங்கிறீக. அப்ப நான் எங்கதான் டீச்சர் படிக்க?"

நான் சொன்ன எந்த வார்த்தையையும் அவள் நம்பவில்லை. அவள் விரலைப் பிடித்துப் புள்ளிமேல் வைத்தால் உருவிக்கொண்டாள். என் விரலே புள்ளிக்கும் தாளின் பொருக்குக்கும் வித்தியாசம் தெரியாத மரக்கட்டை. நான் யாருக்கு என்ன சொல்லித்தருவது?

ஆனால் அந்த வாரம் துவைக்கிற கல்லடியில் ஒரு ராகம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரிய பிள்ளைகள், முழுக்கக் கண் தெரியாதவர்கள், பாவாடையை அடித்துத் துவைத்தபடி ஒரு கதைப் புத்தகத்தை வரிவரியாகச் சொன்னார்கள். விடுதியில் அச்சிலும் பிரெயிலிலும் இருந்த ஒரே புத்தகம் அது, வார்டனம்மா சோதனைக்கு எடுக்கக்கூடியதும் அதுதான். பிரெயில் பிரதி கையால் குத்தி எழுதியது. வருடக்கணக்காக விரல்கள் ஓடி ஓடி அதில் சில புள்ளிகள் தேய்ந்தே போயிருந்தன. ஒருத்தி சொல்ல, சேவுகம்பட்டிப் பிள்ளை வாளியில் நீர் மொண்டபடி திருப்பிச் சொன்னாள். என்னைக் கண்டதும் பாட்டு நின்றது. காலடிச் சத்தத்தில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். நான் போனதும் மறுபடி தொடங்கியது.

சோதனை நாளன்று கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கியிருந்தார்கள். வார்டனம்மா கையில் அச்சுப் புத்தகம், பிள்ளை முன்னால் பிரெயில் புத்தகம். கிழிந்த குடை ஒன்றில் இருந்து உரித்த கருப்புத் துணியை அவள் கைகளின்மேல் போர்த்தியது நான். சார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். விரல் ஓடினால் தாளில் ஒரு சத்தம் வரும், முறத்தில் உமி சரிகிற மாதிரி என்று எங்களுக்கு அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். கண் உள்ளவர்களின் காதுக்கு அது லேசில் அகப்படாது.

"நரிக் கதை. நடுவுல, நரி வர்ற எடத்துல இருந்து ஆரம்பி" என்று வார்டனம்மா பக்கத்தைப் புரட்டி வைத்தாள்.

அவள் படித்தாள். நரி வந்தது, சேவல் கூரையில் ஏறியது. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினாள். ஒரு சொல்லில் தடுமாறி, திரும்பப் போய், மெதுவாகக் கூட்டினாள். புள்ளி தேய்ந்துபோன இடம் அது. எல்லாப் பிள்ளைகளும் தடுமாறும் அதே இடத்தில் தடுமாறினாள். தடுமாற்றத்தைக்கூட அல்லவா சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்!

துணி அசையவில்லை. நான் போர்த்தியபோது விழுந்த மடிப்பு போர்த்தியபடியே கிடந்தது. அடியில் விரல்கள் தூங்கின. வார்டனம்மா அதைப் பார்த்திருக்கலாம், தலையை நிமிர்த்தியிருந்தால். அவள் கண்ணோ அச்சுப் புத்தகத்தில் வரிவரியாக, ஒரு பிழையாவது அகப்படாதா என்று துரத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற, கண் உள்ள இருவரில் ஒருத்தி புத்தகத்தைப் பார்த்தாள். இன்னொருத்தி துணியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கதை முடிந்தது. வார்டனம்மா புத்தகத்தை மூடினாள். முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"சார், ஒங்களுக்குத்தான் சத்தம் கேக்குமே. வெரல் ஓடுச்சா?"

சார் தலையைச் சற்றுச் சாய்த்தார். கூடமே அவர் வாயைக் கேட்டுக்கொண்டிருந்தது. துணியின் மடிப்பு இப்போதுதான் கலைந்தது.

"நல்லா ஓடுச்சும்மா."

வார்டனம்மா போனபின், தாழ்வாரத்தில் என் காலடியைக் கேட்டு நிறுத்தி வைத்து அவர் பேசினார்.

"டீச்சர், அந்தக் குடைத்துணி ஒங்ககிட்டயே இருக்கட்டும். நாளையில இருந்து ஒங்க கையும் அந்தப் பிள்ள கையும் அதுக்குள்ள இருக்கணும். அடுத்த தடவ வார்டனம்மா வேற புத்தகம் கொண்டாந்துருவாக."

"நான் எதுக்கு சார்?"

"நீங்க வந்ததுல இருந்து ஒரு நாளுகூட ஒங்க வெரல் சத்தம் நான் கேட்டதில்ல."

அப்படித்தான் நாங்கள் இருவரும் ஒரே துணிக்குள் போனோம். வேப்பமரத்தடியில் எதிரும் புதிருமாக, நடுவில் புத்தகம். அவள் என்னை இன்னும் நம்பவில்லை, நானும் அவளை நம்பவில்லை. துணியின் ஓரத்தை இரண்டு பேரும் முட்டியால் அழுத்திப் பிடித்திருப்போம், மற்றவள் தூக்கிவிடாமல்.

"தல சாயுது டீச்சர். எட்டிப் பாக்குறீக."

"நீதான் பாக்குற."

"நான் வானத்தப் பாக்குறேன். வேணுமின்னா என்ன தெரியுதுன்னு கேளுங்க."

நாட்கள் போயின. விரல்நுனி முதலில் மரத்தது, பிறகு எரிந்தது, பிறகு சிறுகச் சிறுக விழித்தது. புள்ளி ஒரு கடுகு, பக்கத்தில் இன்னொரு கடுகு, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமையும் எழுத்தில் ஒரு பங்கு என்று விரல்தான் எனக்குச் சொன்னது. நிழலில் அது தெரிந்ததேயில்லை.

ஒரு சாயங்காலம் சார் கைத்தடியைத் தட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர், மரத்தடியில் நின்றுவிட்டார். துணிக்கு அடியில் உமி சரிந்தது, மெல்ல, விட்டுவிட்டு. எனக்கே கேட்டது.

"ஒரு கை ஓடுது" என்றார் சார். "இன்னொரு கை இன்னும் நடிக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கத்திவிட்டாள்:

"நடிக்கிறது டீச்சருதான் சார்!"