லேபிளில் இருந்த சுண்டுவிரல்

பரளச்சியிலிருந்து காலை ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறி, அருப்புக்கோட்டையில் இறங்கி, மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் சாதிக்கின் வரி ஆபீசைத் தினமும் திறப்பவள் சத்யபிரியாதான். நாலு வருடமாக இதுதான் வழக்கம். பி.காம் படித்தவள். ஜிஎஸ்டி, பான் கார்டு, உணவு லைசென்ஸ், டிரேட்மார்க் என்று எந்த இணையதளம் எந்த நேரத்தில் மக்கர் பண்ணும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. பேச்சுதான் குறைவு. “சரி சார்”, “முடிஞ்சது சார்” என்ற இரண்டைத் தாண்டி அவள் வாயிலிருந்து மூன்றாவது வாக்கியம் வந்தால் அன்றைக்கு மழை வரும் என்று சாதிக் கேலி செய்வார்.

வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த விவரத்தாளில், அம்மாவின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தாள். அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்டுவிடக் கூடாது என்ற பயம் மட்டும் அவளுக்கு இன்னும் போகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு செல்வக்குமார் படியேறி வந்தார். ஆபீசுக்கு வருகிறவர்களில் பெரிய கை. மூட்டை மூட்டையாக மிளகாய் வத்தல் விற்றவர், இப்போது பொடியாக்கிப் பாக்கெட் போடுகிறார். பெயரையும் படத்தையும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய மதுரையில் யாரிடமோ கொடுத்து விண்ணப்பித்திருந்தார். அதற்கு ஆட்சேபக் கடிதம் வந்திருந்தது. வந்து இருபது நாள். முப்பது நாளுக்குள் பதில் போக வேண்டும்.

“ஏன் பாய், நம்ம பொடிக்கு நம்ம படம் போட்டா இவங்களுக்கு எங்க நோவுது?”

சாதிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “நோவெல்லாம் இல்ல அண்ணாச்சி. படத்துல இருக்கவுக உயிரோட இருக்காகளா, இருந்தா அவுக எழுதிக் குடுத்த சம்மதம் எங்கன்னு கேக்குறாக. ஞாயந்தான. யாரு இவுக?”

“எங்க அம்மாதான். செல்வலட்சுமி மிளகாய்ப்பொடி. பேர்லயே இருக்குல்ல.”

“அம்மாவா?” சாதிக் லேபிளை எட்டப் பிடித்துப் பார்த்தார். “போன மாசங்கூட அவுக கையால காப்பி குடிச்சேன். இதுல பாத்தா உங்க தங்கச்சி மாதிரில்ல இருக்காக.”

“டிசைன் போட்ட பய வயசக் கொறச்சு, கலரக் கூட்டிட்டான். எந்த அம்மா வேணாம்பாக?”

இருவரும் சிரித்தார்கள். “ஏம்மா சத்யா, ஒரு சம்மதக் கடிதம் அடிச்சுக் குடு. அண்ணாச்சி கையெழுத்து வாங்கியாந்துருவாரு.”

சத்யபிரியா லேபிளை ஸ்கேன் செய்தாள். சிரித்த முகத்தோடு ஒரு பெண். கோதுமை நிறம், சிவப்புக்கல் மூக்குத்தி. ஒரு கை நிறைய வத்தலை அள்ளி முன்னால் நீட்டியிருந்தாள். ‘மேற்படி படத்தில் இருப்பது நானே’ என்று அடித்துவிட்டு, படத்தைக் கடிதத்தில் பொருத்தப் பெரிதாக்கினாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

முகத்தைச் சிவப்பாக்கியவன் கையைக் கவனிக்காமல் விட்டிருந்தான். கறுத்த கை. சுண்டுவிரல் நடுக்கணுவில் உள்பக்கமாக வளைந்திருந்தது.

அந்த விரல் அவளுக்குத் தெரியும். அம்மா ஜக்கம்மாள் வேலிக்கருவை வெட்டப் போன இடத்தில், லாரிக்கு லோடு ஏற்றும்போது கட்டை விழுந்து நசுங்கிய விரல் அது. கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச லோடையும் ஏற்றிவிட்டுத்தான் அம்மா வீட்டுக்கு வந்தாள். விரல் தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. ரேஷன் கடை மிஷின் அந்தக் கையை மூன்று தடவை வைத்தாலும் ஆள் யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிடும். மகளுக்கு ஒரு தடவை பார்த்ததே போதும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில், செல்வக்குமாரின் களத்தில் வத்தலுக்குக் காம்பு கிள்ளப் போய்வந்த அம்மா, “மொதலாளி செல்லுல படம் புடிச்சாருடி, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு” என்று சொன்னதும் ஞாபகம் வந்தது.

இந்தக் கடிதம் போய்விட்டால் அம்மாவின் முகம் சட்டப்படி இன்னொருத்தியுடையது. வாயைத் திறந்தால், காம்பு கிள்ளுகிறவளின் மகள் என்று ஆபீசுக்கே தெரிந்துவிடும். வேலையும் போகலாம். பிரிண்டரிலிருந்து தாள் சூடாக வெளியே வந்தது. செல்வக்குமார் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “நாலு மணிக்கு வாரேன் பாய்” என்று இறங்கிப் போனார்.

மத்தியானம் அவள் தூக்குவாளியைத் திறக்கவில்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் செல். படத்தைப் பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரிக்கு அனுப்பிவிட்டு மாடிப்படியில் நின்றாள்.

“ஏத்தா சத்யா, படத்த உங்கம்மாட்டக் காட்டிட்டேன்” என்றாள் பாண்டீஸ்வரி. “யாரோ ஜவுளிக்கடை வெளம்பரத்துப் பொம்பளைங்கிறா.”

“விரலப் பாக்கச் சொல்லுங்க அத்தை.”

போன் கை மாறியது. பிறகு அம்மாவின் குரல். “அடியே, இது என் கையில்ல? மொகம் யாருது?”

“ஒன்னுதாம்மா. வெள்ளையடிச்சிருக்காங்க.”

“பொங்கலுக்குச் செவுத்துக்கு அடிக்கிற மாதிரியா?” அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “புருவத் தழும்பக் காணோமே. நான் போடாத மூக்குத்தி வேற. பேரு என்ன போட்ருக்கு?”

“செல்வலட்சுமி. எங்க ஆபீஸ் வழியாத்தான் பதியப் போறாங்க.”

“அது மொதலாளியோட அம்மால்ல.” நீளமாக ஒரு மூச்சு கேட்டது. “நீ வாயத் தொறக்காத. ஒன் வேலை போயிரும்.” போன் கட்டாகிவிட்டது.

நாலு மணிக்குக் கையெழுத்தோடு கடிதம் வந்தது. சத்யபிரியா அதை ஸ்கேன் செய்தாள். இணையதளத்தைத் திறந்தாள். ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

“ஏத்தியாச்சாம்மா?”

“இல்ல சார்.”

“சைட்டு மக்கரா?”

“சைட்டு நல்லாருக்கு சார்.” பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். “படத்துல இருக்கது அவுக அம்மா இல்ல. எங்க அம்மா.”

செல்வக்குமார் நாற்காலியோடு திரும்பினார். “என்ன பாப்பா வெளையாடுற?”

“பரளச்சி ஜக்கம்மா. உங்க களத்துல காம்பு கிள்ளுனாங்க.” செல்லில் இருந்த அம்மாவின் படத்தை எடுத்து, வளைந்த விரலைப் பெரிதாக்கி மேஜைமேல் வைத்தாள்.

“வருசத்துக்கு நூறு பேரு வந்து கிள்ளிட்டுப் போறாளுக. விரல வச்சு ஆளு சொல்லுவியா?” அவர் சாதிக்கிடம் திரும்பினார். “பாய், இதுக்குத்தான் ஆள் வச்சுச் சம்பளம் குடுக்குறீகளா?”

சாதிக் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. போனை எடுத்தார். கணக்கை முடித்து அனுப்பத்தான் யாரையோ கூப்பிடுகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் கூப்பிட்டது செல்வலட்சுமியை. ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, சாதிக் பேசுறேன். பொடி லேபிள்ல இருக்க படம் உங்களுதுதான?”

“எந்தப் படம்? மத்தியானம் என்னமோ ஜிஎஸ்டி பேப்பருன்னு கையெழுத்து வாங்குனான்.”

படத்தை அனுப்பினார். மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வக்குமாரின் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மறுபடி மணி அடித்தது.

“இது நம்ம களத்து ஜக்கம்மால்ல? அந்தக் கோண விரலு எனக்குத் தெரியாதா? டேய் செல்வம், காம்பு கிள்ளுறவ மொகத்துக்கு எம்பேரா கெடைச்சது? ஊருக்குள்ள நான் தல காட்ட வேணாமா?”

உண்மை வெளியே வந்துவிட்டது. வந்த விதம்தான் சத்யபிரியாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

செல்வக்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. “சரி, அப்ப உங்க அம்மாவே கையெழுத்துப் போடட்டும் பாப்பா. பேர வேணா மாத்திருவோம்.”

“போட்ட படத்தையும் பேரையும் பாதியில மாத்த முடியாது அண்ணாச்சி” என்றார் சாதிக். “மாத்துனா புதுசாத்தான் விண்ணப்பிக்கணும். இதுக்குச் சம்மதம்னா இப்பிடியே சம்மதிக்கணும்.”

“பாக்கெட்டெல்லாம் அடிச்சு வந்துருச்சு பாய். நீ போனப் போடு பாப்பா.”

அம்மா எடுத்ததும் அவர் முந்திக்கொண்டார். “ஜக்கம்மாக்கா, நல்லாருக்கீகளா? செல்வக்குமாரு பேசுறேன். ஒரே ஒரு கையெழுத்துக்கா.”

“நல்லாருக்கேன் மொதலாளி. அக்கான்னு நீங்க கூப்புட்டு இப்பத்தான் கேக்குறேன்.” அம்மாவின் குரலில் கோபம் இல்லை. “கை என்னுது. மொகம் என்னுதில்ல, பேரும் என்னுதில்ல. அந்த மொகத்துக்காரி யாரோ, அவளத் தேடிப் புடிச்சு வாங்கிக்கங்க. என் மொகந்தான் வேணும்னா இருக்கபடிக்குப் போடுங்க, எம்பேரப் போடுங்க. அன்னைக்கி நானே பஸ்ஸேறி வாரேன்.”

செல்வக்குமார் லேபிளை உருட்டி எடுத்துக்கொண்டார். “ஊர்ல வேற ஆபீசா இல்ல?” என்றவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் எடுக்கப் போனார். சாதிக் அதற்குள் அதை நாலாகக் கிழித்திருந்தார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் அடங்கியதும் சாதிக் அவள் பக்கம் திரும்பினார்.

“இல்லத்தரசின்னு எழுதியிருந்தியேம்மா.”

“ஆமா சார்.”

சாதிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பெரிய பார்ட்டி போயிருச்சு” என்றார். பிறகு, “நாளைக்கு வந்ததும் அதத் திருத்திரு.”

நாளைக்கு வந்ததும் என்றாரே. பஸ் நிலையம்வரை அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அதற்கப்புறம் பத்து நாளும், ஆபீசைப் பூட்டுவதற்கு முன்னால் அந்த விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். வேறு யார் வழியாகவும் பதில் ஏறவில்லை. பதினோராம் நாள் சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் சொன்னாள்.

“கெடு முடிஞ்சுருச்சும்மா. பதில் போடல. அது இனி பதிவாகாது.”

ஜக்கம்மாள் அரிசியைப் புடைத்துக்கொண்டே, “போகட்டும்” என்றாள். முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“ஆனா அந்த மூக்குத்தி எனக்கு நல்லாத்தான்டி இருந்துச்சு.”