அறுபத்தாறு வரைக்கும் போட்ட டெபாசிட்

திருமுருகன் வீட்டு ஆண்கள் யாரும் அறுபத்தாறு வயதை முடித்ததில்லை. தாத்தா, அப்பா, அண்ணன் மூன்று பேருமே அறுபத்தாறு நடக்கும்போது போனார்கள். தாத்தாவைப் பாம்பு கடித்தது. அப்பாவுக்கு மாரடைப்பு. அண்ணன்மீது லாரி ஏறியது. சாவதற்குச் சில நாள் முன்னால், நல்ல பகல் வெளிச்சத்தில், மூவரும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "வாசல்ல யாரு நிக்கிறது?" மூன்று தடவையும் வாசலில் யாருமில்லை.

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர் திருமுருகன். 2015 ஜூனில், ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு பெற்றார். பிள்ளைகள் இல்லை. பி.எஃப்., கிராஜுட்டி எல்லாம் சேர்ந்து ஒன்பது லட்சம் வந்தது. அசலும் வட்டியும் சேர்ந்து மாதாமாதம் கைக்கு வருகிற மாதிரி டெபாசிட் போட வங்கிக்குப் போனார்.

"எத்தனை வருசத்துக்கு சார்?" என்று கேட்டார் சேரன் என்ற அதிகாரி.

"எட்டு."

"எட்டு வருசத்துல அசலே தீந்துரும். தொண்ணூறு வரைக்கும் இருந்தீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்லங்க."

சேரன் சிரித்தார். திருமுருகன் சிரிக்கவில்லை.

மாதம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது. சிறு பென்ஷனும் இருந்தது. மனைவி அழகம்மாளுடன் எந்தக் குறையும் இல்லாமல் சாப்பிட்டார், ராமேஸ்வரம், திருப்பதி போய்வந்தார். கடைசி வருடம் தொடங்கியதும் தன் படம் ஒன்றைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பரணில் வைத்தார். ஒருநாள் மதியம் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அழகம்மாள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அவருக்கு எண்ணெய்க் கத்திரிக்கான்னா உசுரு. வாரத்துல ரெண்டு நாள் கேப்பாரு. நல்ல மனுசனா இருந்தாரு."

அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். போனை வைத்துவிட்டுத் திரும்பிய அழகம்மாள், ஒரு கணம் அவரை அடையாளம் தெரியாதவள்போலப் பார்த்தாள். இருக்கிறவரை இறந்தவர்போலப் பேசினோம் என்பது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

2023 ஜூன் பத்தாம் தேதி அறுபத்தாறு முடிந்தது. காலையில் காப்பி குடித்தார். மத்தியானம் தூங்கினார். சாயங்காலமும் உயிரோடுதான் இருந்தார். அந்த மாதத்தோடு டெபாசிட்டும் முடிந்தது.

சந்தோஷத்தைச் சொல்ல, திருமயத்தில் இருந்த அக்கா பிரகதாம்பாளைப் பார்க்கப் போனார். அக்கா முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"ஒனக்கு எங்கடா அறுபத்தாறு முடிஞ்சுச்சு? நான் பள்ளிக்கூடம் போறப்ப நீயும் வாரேன்னு அழுதே. வயசு பத்தலன்னாங்க. அப்பாதான் ரெண்டு வருசம் கூட்டிச் சொல்லிச் சேத்து விட்டாரு."

டிரங்குப் பெட்டியிலிருந்து அவருடைய ஜாதக நோட்டை எடுத்துக் கொடுத்தாள். 1959, புரட்டாசி.

ஐம்பத்தாறு வயதிலேயே வேலையை விட்டு வந்திருக்கிறார். இரண்டு வருடச் சம்பளம் போயிற்று. இப்போது கையில் பணமில்லை. அந்த வருடமோ இன்னும் வரவே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆடிக் காற்றில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். 2025 புரட்டாசியில்தான் அறுபத்தாறு முடியும்.

கந்தர்வகோட்டையில் ஒரு முந்திரி ஆலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை கிடைத்தது. தினமும் பஸ். தானாகவே சிக்கனம் வந்துவிட்டது. "எதுக்குங்க இப்பிடி மிச்சம் பிடிக்கிறீங்க?" என்று அழகம்மாள் கேட்டபோது, எண்ணிய பணத்தை டப்பாவில் போட்டு மூடினார்.

2025 ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவியவர் சட்டென்று கேட்டார். "அழகு, வாசல்ல யாரு நிக்கிறது?"

கேட்ட பிறகுதான் கேட்டது அவருக்கே உறைத்தது. அழகம்மாள் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து சுழன்று அடங்கியது. அவள்தான் போய்ப் பார்த்தாள். கேட் திறந்து கிடந்தது. வெயில் காய்ந்த தெருவில் இரு பக்கமும் ஆள் இல்லை. காலையில் அவள்தான் அந்தக் கேட்டைக் கொக்கி போட்டு மூடியிருந்தாள்.

"நீங்க யாரப் பாத்தீங்க?"

"வேட்டி கட்டுன ஆளு. முதுகு தெரிஞ்சுச்சு."

அன்றிலிருந்து ஒரு மாதம் இருவரும் நாள் எண்ணினார்கள். அவர் வேலைக்குப் போகவில்லை. ரோட்டைக் கடக்கவில்லை. அழகம்மாள் ராத்திரியில் அவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டுப் படுத்தாள். புரட்டாசியில் அவர் பிறந்த நாள் வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது.

வேலைக்குத் திரும்பினார். சேர்த்த எண்பதாயிரத்தோடு இருவரும் வங்கிக்குப் போனார்கள். புதிதாக வந்திருந்த பெண் அதிகாரி கேட்டாள். "எத்தனை வருசத்துக்குப் போடலாம்?"

திருமுருகன் வாயைத் திறந்தார். நாற்பது வருடமாக மனதில் இருந்த எண் இப்போது இல்லை. அதற்கப்புறம் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அழகம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

அழகம்மாள் குனிந்து சொன்னாள். "எங்கம்மாவுக்குத் தொண்ணூத்தொண்ணு ஆகுதும்மா. இன்னமும் தானேதான் துணி தொவைக்குது. என் வயசுக்குக் கணக்குப் பாத்துப் போடுங்க."

அதிகாரி அழகம்மாளின் ஆதாரைக் கேட்டு வாங்கினாள்.